புதிய இயங்குதளமும் எடிட்டிங் சிக்கல்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருமண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. என் பழைய கணினியோ விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. அதனால் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 24.04க்கு மாறி, டாவின்சி ரிசால்வ் 19 என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பை நிறுவினேன். கேமராவில் எடுத்த காட்சிகளில் ஒலி மட்டும் கேட்கிறது. மொபைலில் எடுத்தவற்றில் படமும் இல்லை, ஒலியும் இல்லை. விண்டோஸில் இதே கோப்புகள் இதே மென்பொருளில் ஒழுங்காக ஓடின. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம், எத்தனை முறை நிறுவினாலும் இதே நிலைதான் இருக்கும். கோளாறு எங்கே என்பதற்கான விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கேமரா, படத்தை எச்.264 முறையில் சுருக்கியும் ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் வடிவிலும் பதிவு செய்கிறது என்று தெரிகிறது. மொபைலோ படத்தை எச்.264 அல்லது எச்.265 முறையிலும் ஒலியை ஏஏசி முறையிலும் சுருக்குகிறது. ரிசால்வின் லினக்ஸ் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 படங்களை விரித்துக் காட்டாது. ஏஏசி ஒலியையும் வாசிக்காது. அதனால்தான் ஒன்றில் ஒலி மட்டும் பிழைத்தது, மற்றொன்றில் எதுவும் பிழைக்கவில்லை. விண்டோஸில் இந்த வேலையை மென்பொருளுக்கு இயங்குதளமே செய்து கொடுத்ததால், இப்படியொரு வேறுபாடு இருப்பதே உங்கள் கண்ணில் படவில்லை.

காசு கொடுத்து ஸ்டுடியோ பதிப்பை வாங்கினால் தீர்ந்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்லக்கூடும். படம் வரும் என்பது உண்மைதான். ஆனால் 19ஆம் பதிப்பில் ஏஏசி ஒலிக்கு அதுவும் உதவாது. ஆகவே, எடிட்டிங்குக்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் எடிட்டிங்குக்கு ஏற்ற டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதே நம்பகமான வழி. ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருள் லினக்ஸிலும் கிடைக்கிறது. அதில் கோப்புகளை மொத்தமாக இழுத்துப் போட்டு, டிஎன்எக்ஸ்எச்ஆர் எஸ்க்யூ என்ற தர அளவைத் தேர்ந்து, ஒலியைப் பிசிஎம் என்று வைத்து, இரவில் ஓடவிட்டுவிடலாம். வண்ண நுணுக்கம் கூடிய 10 பிட்டில் எடுத்த காட்சிகளுக்கு மட்டும் எச்க்யூஎக்ஸ் என்ற உயர்தர அளவு தேவை. மற்றவற்றுக்கு அது வீண்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை வட்டு இடம். விநாடிக்கு 25 ஃபிரேம் கொண்ட ஃபுல் எச்டி காட்சிக்கு, எஸ்க்யூ தரத்தில் விநாடிக்குச் சுமார் 120 மெகாபிட் ஆகும். அதாவது ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 54 ஜிபி. முகூர்த்தம், வரவேற்பு என்று இரண்டு கேமராவிலும் சேர்த்துப் பத்து மணி நேரம் எடுத்திருந்தால் அரை டெராபைட் போய்விடும். எடிட்டிங் முடிந்ததும் மாற்றிய கோப்புகளை அழித்துவிட்டு மூலக் கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெளியீட்டிலும் இதே தடை உண்டு: இலவசப் பதிப்பிலிருந்து எச்.264 கோப்பாக நேரடியாக எடுக்க முடியாது. டிஎன்எக்ஸ்எச்ஆராக எடுத்து, பிறகு எம்பி4 ஆக மாற்றித்தான் வாடிக்கையாளரின் பென்டிரைவில் போட வேண்டும்.

வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பெயர் போடுவதோடு உங்கள் வேலை முடிந்துவிடும் என்றால், இவ்வளவு சுற்ற வேண்டியதே இல்லை. கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசமானது; எச்.264, ஏஏசி இரண்டையும் நேரடியாகத் திறக்கும். வண்ணத் திருத்தத்தில் ரிசால்வுக்கு அது ஈடாகாது என்றாலும், திருமண வீடியோக்களில் பாதிக்கு மேல் அந்தத் திருத்தம் தேவைப்படுவதில்லை என்பது என் கருத்து.

கேள்வி: நானும் உபுண்டு 24.04க்கு மாறினேன். ரிசால்வ் பிழையின்றி நிறுவப்பட்டது. ஆனால் படக்குறியைச் சொடுக்கினால் எதுவும் நடப்பதில்லை, பிழைச்செய்தியும் வருவதில்லை. என்விடியா கார்டு வைத்திருக்கிறேன்.
- வாசகர், சேலம்

பதில்: பிழைச்செய்தி இருக்கிறது, படக்குறியைச் சொடுக்கும்போது அது திரைக்கு வருவதில்லை, அவ்வளவுதான். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து அதிலிருந்து ரிசால்வை இயக்கிப் பாருங்கள். ‘சிம்பல் லுக்அப் எரர்’ என்று தொடங்கும் வரி வந்து, அதில் பாங்கோ என்ற பெயரும் இருந்தால், ரிசால்வ் தன்னோடு கொண்டுவந்த ஜிலிப் என்ற பழைய நூலகம் (மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) உபுண்டுவின் புதிய நூலகத்தோடு மோதுகிறது என்று பொருள். ரிசால்வ் நிறுவப்பட்டுள்ள கோப்புறைக்குள் ‘லிப்ஸ்’ என்ற கோப்புறை இருக்கும். அதில் ஜிலிப், ஜிஐஓ, ஜிமாட்யூல், ஜிஆப்ஜெக்ட் என்ற பெயர்களைக் கொண்ட கோப்புகளை நிர்வாகி உரிமையுடன் வேறொரு கோப்புறைக்கு நகர்த்திவிட்டால், மென்பொருள் உபுண்டுவின் நூலகத்தையே எடுத்துக்கொள்ளும். அழிக்காதீர்கள், நகர்த்தினால் போதும்.

திறந்த பிறகு ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) பொருந்தவில்லை என்ற செய்தி வந்தால், ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ பகுதிக்குச் சென்று என்விடியாவின் சொந்த டிரைவரை நிறுவுங்கள். உபுண்டுவோடு வரும் நூவோ டிரைவர் ரிசால்வுக்கு உதவாது. கணினி தொடங்கும்போது காவல் காக்கும் செக்யூர் பூட் வசதி இயக்கத்தில் இருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் அதைக் கொடுத்து உறுதி செய்ய வேண்டும். பலரும் அந்தத் திரையைப் பார்த்து மிரண்டு, ‘தொடர்க’ என்று தட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் ஏறாது.

கேள்வி: உபுண்டுவுக்கு மாறிய பின், ரிசால்வில் பழைய திட்டங்களைத் திறந்தால் எல்லாக் காட்சிகளும் சிவப்பாக ‘மீடியா ஆஃப்லைன்’ என்று காட்டுகின்றன. விண்டோஸில் பயன்படுத்திய வட்டிலோ எதையும் எழுத முடியவில்லை.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். விண்டோஸில் ‘டி’ டிரைவ் என்று இருந்த முகவரி லினக்ஸில் கிடையாது. மீடியா பூலில் காட்சிகளைத் தேர்ந்து ‘ரீலிங்க்’ கொடுத்து, கோப்புறையைக் காட்டினால் போதும். எழுத முடியாமைக்குப் பெரும்பாலும் காரணம், விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. அது கணினியை முழுமையாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் வைப்பதால், லினக்ஸ் அந்த வட்டை வாசிக்க மட்டும் அனுமதிக்கிறது. விண்டோஸ் இன்னும் கணினியில் இருந்தால், அந்த வசதியை நிறுத்திவிட்டு முழுமையாக அணையுங்கள்.

இன்னும் மாறாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரிசால்வின் திட்டங்கள் காட்சிக் கோப்புகளோடு இருப்பவை அல்ல, தனித் தரவுத்தளத்தில் இருப்பவை. ஒவ்வொன்றையும் ஏற்றுமதி செய்து வேறு வட்டில் வைத்த பிறகே விண்டோஸை அழிக்க வேண்டும்.

கேள்வி: மணமக்கள் பெயரைப் பாமினி எழுத்துருவில் போடுவது வழக்கம். உபுண்டுவுக்கு மாறிய பின் ரிசால்வில் அது ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரிகிறது. யூனிகோடில் அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கிறது.
- வாசகர், மதுரை

பதில்: பாமினி யூனிகோடு அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால், உள்ளே இருந்த ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிகின்றன. எழுத்துருக் கோப்பை நிறுவி, மென்பொருளை மூடித் திறந்தால் பழைய தலைப்புகள் சரியாகிவிடும். யூனிகோடில் கொம்பு நகர்வது எழுத்துருவின் குற்றம் அன்று. தலைப்புக் கருவி தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிக்கவில்லை. அதோடு மல்லுக்கட்டுவதை விட, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற யூனிகோடு எழுத்துருவில் பெயரை அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து டைம்லைனில் காட்சிக்கு மேல் வைத்துவிடுங்கள்.