அப்பா பேசி வைத்த கடன்

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம். சென்னையில் வேலை பார்க்கிறேன். நண்பர்கள் ஐந்து நாள் விடுப்பில் தாய்லாந்து, பாலி என்று போய் வருகிறார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. ஆஸ்திரேலியாவில் ஓராண்டு தங்கி, பண்ணையிலும் உணவகத்திலும் வேலை செய்துகொண்டே ஊர் சுற்ற விசா தருகிறார்கள். அதற்கான குலுக்கலில் பதிவு செய்திருக்கிறேன். கணக்கில் காட்ட வேண்டிய பணமும் சேர்த்துவிட்டேன். வீட்டில் சொன்னால் புரியாது என்பதால், அங்கே கம்பெனி வேலை கிடைக்கப்போகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு மகிழ்ச்சி. வள்ளத்துக்குப் புது எஞ்சின் வாங்க மீன் வியாபாரியிடம் பணம் பேசிவிட்டார். என் குழப்பம் இதுதான்: இந்த ஓராண்டு இடைவெளி என் எதிர்காலத்தைப் பாதிக்குமா?

— பெயர் வேண்டாம், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: தம்பி, இடைவெளி பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் அலுவலகத்திலேயே பத்துப் பேர் இருப்பார்கள். அப்பா வியாபாரியிடம் பணம் பேசிவிட்டார் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் உங்கள் குழப்பத்துக்குத் தாவிவிட்டீர்களே, அந்த இடத்தில் உங்கள் கை ஒரு நொடிகூட நிற்கவில்லையா?

உங்கள் ஆசையில் நான் குறை காணவில்லை. இராமேசுவரத்துக்குக் காலை ரயிலில் வந்து, 22 தீர்த்தத்திலும் நனைந்து, வேன் பிடித்துத் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு, இரவு ரயிலில் திரும்புகிறவர்களை நீங்கள் சிறு வயது முதல் பார்த்திருப்பீர்கள். அந்தக் கரையில் பிழைப்பவர்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? ஐந்து நாள் பாலியும் அப்படித்தான். ஓர் ஊரில் வாடகை கொடுத்து, முதலாளியிடம் திட்டு வாங்கி, கூலியை எண்ணி அரிசி வாங்கியவனுக்குத்தான் அந்த ஊர் கொஞ்சமாவது பிடிபடும். கையிருப்பைக் கரைக்காமல் அங்கேயே சம்பாதித்துச் சுற்றலாம் என்பதும் நியாயமான கணக்கு. பிரிட்டன் பிள்ளைகள் 1975 முதல் ஆஸ்திரேலியாவுக்கு இப்படிப் போய் வருகிறார்கள். அவ்வளவு தூரம் டிக்கெட் எடுத்துவிட்டு இரண்டே வாரத்தில் யார் திரும்புவார்கள்?

ஆனால் அந்த விசா எதற்கென்று உங்களுக்குத் தெரியும், உங்கள் அப்பாவுக்குத் தெரியாது. அது சுற்றிப் பார்க்கத் தரும் விசா. வேலை என்பது வழிச்செலவுக்கு. ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. வருமான வரி முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளி உங்கள் பெயரில் ஓய்வூதிய நிதிக்குக் கட்டும் தொகையை நாடு திரும்பும்போது எடுத்தால், அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். மழை பெய்தால் தோட்டத்தில் வேலை இருக்காது, விடுதி வாடகை மட்டும் ஓடும். பலர் சம்பாதித்ததை அங்கேயே சுற்றிச் செலவழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதில் தவறே இல்லை, ஏனென்றால் அதற்குத்தான் போகிறார்கள். ஆனால் அந்தப் பணத்தை நம்பி ஒருவர் எஞ்சின் வாங்கக் கூடாது.

எந்தக் கடன் அது என்று யோசித்தீர்களா? வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், பிடித்து வரும் மீனை அவருக்கே போட வேண்டும். அவர் சொல்வதுதான் விலை, அவர் கழிப்பதுதான் கமிஷன். பக்கத்துக் கரையில் நண்டுக்கு நல்ல விலை போனாலும் உங்கள் அப்பா வேறு யாருக்கும் விற்க முடியாது. அசல் அடையும்வரை ஒவ்வொரு கூடையிலும் வட்டி கழிந்துகொண்டே இருக்கும். வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தேதான் வாய் திறக்காமல் இருக்கிறீர்கள்.

அதுவும் எதை வைத்து? குலுக்கலில் உங்கள் பெயர் இன்னும் வரவே இல்லை! இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம். 2024-இல் முதல் முறை பதிவு திறந்தபோது இரண்டே வாரத்தில் ஏறக்குறைய 40,000 பேர் விண்ணப்பித்தார்கள். 25 டாலர் கட்டி வாங்கிய ஒரு வாய்ப்பைக் கிடைத்துவிட்ட வேலையாக்கி அப்பாவிடம் விற்றிருக்கிறீர்கள்.

வீட்டில் புரியாது என்கிறீர்கள். எந்த வீட்டில்? கீழக்கரையிலிருந்து தொண்டி வரை அந்தக் கரையில் கடல் கடந்து பிழைக்காத தெரு இருக்கிறதா? இலங்கை, பர்மா, மலேயா, பிறகு வளைகுடா. போனவன் சம்பாதித்தானா, ஏமாந்தானா, இரண்டையும் பார்த்த ஊர் அது. விடியலில் என்ன கிடைக்கும் என்று தெரியாமலே வள்ளம் தள்ளுகிறவருக்கு, 'ஒரு வருஷம் பார்த்துவிட்டு வருகிறேன்' என்பது புரியாதா? உங்களுக்குத்தான் வெட்கம். படித்த பிள்ளை பழம் பறிக்கப் போகிறான் என்று அவர் ஊரில் சொல்ல வேண்டி வருமே என்ற வெட்கம். அதை மறைக்கத்தான் நடுவில் ஒரு கம்பெனியைக் கொண்டுவந்தீர்கள்.

என்னை உறுத்துவது இன்னொன்று. விசாவுக்குச் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர் கையிருப்புக் காட்ட வேண்டும், நம் பணத்தில் மூன்று லட்சம் அளவுக்கு வரும். அதைச் சேர்த்துவிட்டதாக எழுதுகிறீர்கள். அப்படியென்றால் மகன் கணக்கில் பணம் இருக்கும்போதே, அப்பா வியாபாரியிடம் கை நீட்டுகிறார். உங்கள் சம்பாத்தியம், உங்கள் உரிமை என்று இந்தக் காலத்தில் பலரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். உங்களைப் படிக்கவைத்தது அந்தப் பழைய எஞ்சின். அது நின்றுபோகும்போது முதலில் கை கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான், ஆஸ்திரேலியா அதற்குப் பிறகு. இந்த விசாவுக்கு வயது வரம்பு 30. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பதிவு செய்யலாம். வியாபாரியிடம் வாங்கிய பணத்தை அப்படித் தள்ளிப்போட முடியாது.

எனவே வரும் சனிக்கிழமையே ஊருக்குப் போங்கள். போனில் சொல்லாதீர்கள். அம்மாவை முன்னால் அனுப்பித் தப்பிக்கவும் பார்க்காதீர்கள். கம்பெனி வேலை என்று சொன்னது பொய், இது ஊர் சுற்றும் விசா, அதுவும் இன்னும் கிடைக்கவில்லை என்று அப்பாவிடமே சொல்லுங்கள். முன்பணம் இன்னும் கைமாறவில்லை என்றால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மாறியிருந்தால் உங்கள் சேமிப்பிலிருந்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாட்டுப் படகுகளுக்கு எஞ்சின் வாங்க மீன்வளத் துறை மானியம் தருகிறது. திங்கள்கிழமை ஒரு நாள் விடுப்புப் போட்டு, படகுப் பதிவுச் சான்றோடு அப்பாவை அலுவலகத்துக்கு அழைத்துப்போய், இப்போது என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் விசாரியுங்கள். மிச்சம் எவ்வளவு தேவையோ அதை நீங்கள் போடுங்கள்.

அப்பா திட்டுவார். மூன்று நாள் பேசாமலும் இருக்கலாம். சென்னையில் வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அன்றிரவே ரயில் ஏறிவிடாதீர்கள்.