பேய் மிளகாய் ஐஸ்கிரீம் – கடிதம்

வணக்கம் சார்,

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அக்டோபர் வந்தாலே இங்கே ஐஸ்கிரீம் கடைகளுக்குப் பேய் பிடித்துவிடுகிறது. போன வாரம் பிள்ளைகள் இழுத்த இழுப்பில் போய், ஹாலோவீன் என்ற பேய்த் திருவிழாவுக்கென்று போட்டிருந்த கோஸ்ட் பெப்பர் ஐஸ்கிரீம் வாங்கினோம். ஆவக்காய் ஊறுகாயைச் சோறில்லாமல் தின்கிற என் கணவர் இரண்டாவது கரண்டியோடு கோப்பையை வைத்துவிட்டார். ஆறாவது படிக்கும் மகளோ வழித்துத் தின்றாள். "இது இந்தியா மிளகாய்தானே, இதில் பேய் எப்படி வந்தது?" என்று அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கென்னவோ வெறும் வியாபாரத் தந்திரமாகத்தான் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர.மீ.

அன்புள்ள ர.மீ.,

வியாபாரத் தந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி.

அந்த மிளகாய் அஸ்ஸாம், நாகாலாந்து, மணிப்பூர் பக்கத்தது. அஸ்ஸாமில் பூத் ஜொலோகியா என்பார்கள். ஜொலோகியா என்றால் மிளகாய். பூத் என்பது நம் பூதமேதான் என்று எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் 'கோஸ்ட்' ஆக்கிவிட்டார்கள். அது பூதமே இல்லை, 'போட்', அதாவது பூட்டான் பக்கத்திலிருந்து வந்த மிளகாய் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது சரியென்றால், இந்தப் பேய் மொழிபெயர்ப்பில் ஏறிய பேய். 2007இல் கின்னஸ் இதை உலகிலேயே காரமான மிளகாய் என்று அறிவித்தது. காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் 10 லட்சத்துக்கு மேல்; பீட்ஸாவில் போடும் ஹலபேனோ மிளகாய் பொதுவாக 8,000ஐத் தாண்டாது. பட்டம் அப்புறம் வேறு மிளகாய்களுக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பெயரிலேயே பேய் இருக்கும் சரக்கை அக்டோபரில் எந்த வியாபாரி விடுவான்?

நானும் தின்றிருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது. வெள்ளை ஐஸ்கிரீமுக்குள் செங்கல் நிறத்தில் ஒரு கோடு ஓடியது. முதல் கரண்டியில் வனிலா, சர்க்கரை, அவ்வளவுதான். இதற்கா இத்தனை அலட்டல் என்று நினைத்து முடிப்பதற்குள் உள்நாக்குக்குப் பக்கத்தில் ஊசி குத்தியது. பிறகு காது மடல் சுட்டது. பதறிப்போய் அடுத்த கரண்டியை வாயில் போட்டேன். சட்டென்று அடங்கிவிட்டது!

நாம் காரத்துக்கு மோர் குடிக்கிற அதே கதைதான். காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் வேறு அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அதோடு, நாக்கில் சூட்டை உணர்கிற அதே அமைப்புதான் காரத்தையும் உணர்கிறது. குளிர்ச்சி பட்டால் கொஞ்ச நேரம் ஓய்கிறது. ஆக ஒவ்வொரு கரண்டியும் முந்தைய கரண்டி வைத்த தீயை அணைத்துவிட்டு, தன் பங்குக்கு ஒன்றைப் பற்றவைத்துவிட்டுப் போகிறது. உங்கள் கணவர் நிறுத்தியதுதான் தப்பு. தண்ணீர் வேறு குடித்திருப்பார், பாவம். மகள் நிறுத்தாமல் தின்றதால் பிழைத்தாள். கடைசிக் கரண்டிக்கு அப்புறம் அவளுக்கு என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லை.

தந்திரம் என்றால் எனக்குக் கோபம் வருவது கறுப்பு ஐஸ்கிரீம் மேல்தான். அதில் போடுவது பெரும்பாலும் பதப்படுத்திய தேங்காய்ச் சிரட்டைக் கரி. நம் தாத்தாக்கள் பல் துலக்கிய சமாச்சாரம். ருசி என்று எதுவும் கிடையாது, உதடு கறுப்பாகிப் படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்தக் கரி வயிற்றில் இருக்கும் மருந்தையும் உறிஞ்சிக்கொள்ளும். விஷம் குடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் அதைக் கொடுப்பதே அதற்காகத்தான். 2018இல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை கடைகளில் அதை நிறுத்தச் சொன்னது. உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே, நினைவிருக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் வேண்டாம். மிளகாய் ஐஸ்கிரீமாவது சொன்ன வேலையைச் செய்கிறது.

சரி, மகளிடம் இதையும் சொல்லுங்கள். அஸ்ஸாமில் யானை வயலுக்குள் வராமலிருக்க இந்த மிளகாயை அரைத்து வேலிக் கயிற்றில் பூசுவார்கள். தும்பிக்கையைத் தூக்கி ஒருமுறை மோந்துவிட்டு, பல நேரம் யானை திரும்பிப் போய்விடும். ஒரு கோப்பையை வழித்துத் தின்றவளுக்கு யானை கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.