எல்லாம் மெஷினே பண்ணுதே, டென்டல் டெக்னீசியன் கோர்ஸ் இப்ப படிக்கலாமா?

தாராளமா படிங்க, ஆனா வேலையே மாறிடுச்சுங்கறத தெரிஞ்சுக்கிட்டு சேருங்க. முன்னாடி கேப் (சேதமான பல்லு மேல மாட்டற உறை) செய்யணும்னா, டாக்டர் பேஷன்ட் வாயில எடுத்த அளவுல ஸ்டோன் (ஜிப்சம் மாவு) கரைச்சு ஊத்தி மாடல் எடுத்து, மெழுகுல பல்லு செதுக்கி, அத உலோகத்துல வார்த்து, மேல செராமிக் பூசி சுடணும். இப்ப வாயை ஸ்கேன் பண்ண ஃபைல் வருது, எக்ஸோகேட் மாதிரி சாஃப்ட்வேர்ல டிசைன் பண்ணா மில்லிங் மெஷின் வெட்டிடும்.

ஜிர்கோனியாங்கற வெள்ளை செராமிக்ல கேப் வெட்டும்போது சாக்பீஸ் மாதிரி இருக்கும், 1500 டிகிரி கிட்ட ஃபர்னஸ்ல சுட்டா கிட்டத்தட்ட 20 சதவீதம் சுருங்கி கெட்டியாகும், அதனால சாஃப்ட்வேரே கணக்கு போட்டு முதல்லயே பெருசா வெட்ட வைக்குது, இதெல்லாம் கையில முடியாத காரியம்.

ஆனா ஸ்கேன் எடுக்கறப்ப ஈறு ஓரத்துல ரத்தமோ எச்சிலோ இருந்தா, டாக்டர் கேப்புக்காக செதுக்கின பகுதி பல்லுல எங்க முடியுதுங்கற கோட்ட சாஃப்ட்வேர் தப்பா போட்டுடும், அத ஜூம் பண்ணி புள்ளி புள்ளியா இழுத்து சரி பண்றது நம்ம கண்ணுதான், விட்டா ஓரத்துல இடைவெளி விழுந்து கேப்புக்கு அடியில சொத்தை வந்துடும், பாவம் பேஷன்ட். முன்பல்லுக்கு நிறம் ஏத்தறதுக்கு இன்னமும் பிரஷ்தான். அதனால மவுஸ் பிடிக்கறதுக்கு முன்னாடி மெழுகுல செதுக்கி பல்லோட உருவத்த நல்லா பழகிக்கோங்க.