பேயா, நோயா? 'டார்கெஸ்ட் பவர்ஸ்' நாவல்கள்: கேள்வி பதில்

கனடா எழுத்தாளர் கெல்லி ஆம்ஸ்ட்ராங் இளையோருக்காக எழுதிய மூன்று நாவல்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பெரிய ரகசியங்கள் எதையும் உடைக்கவில்லை. காதலைப் பற்றிய பதிலில் மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருந்தது.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?
(கல்லூரி மாணவி)

'தி சம்மனிங்' (2008), 'தி அவேக்கனிங்' (2009), 'தி ரெக்கனிங்' (2010). இந்த வரிசையை மாற்றாதீர்கள்; மூன்றும் சேர்ந்துதான் ஒரு கதை. முதல் பாகம் நட்டாற்றில் விட்டுவிடும், ஆகவே இரண்டாவதையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். 2011இல் தொடங்கிய 'டார்க்னஸ் ரைசிங்' வரிசையில் ஊரும் வேறு, பிள்ளைகளும் வேறு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சக்தி பெற்ற பிள்ளைகளின் கதைகள் எத்தனையோ வந்துவிட்டன. இதில் அப்படி என்ன இருக்கிறது?
(நூலகப் பணியாளர்)

லைல் ஹவுஸ் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், பதினைந்து வயது குளோயி சாண்டர்ஸ் பள்ளியில் ஓர் உருவத்தைப் பார்க்கிறாள். தீயில் கருகிய துப்புரவுப் பணியாளர். வேறு யார் கண்ணுக்கும் அவர் தெரியவில்லை. அலறி ஓடியவளுக்கு மனச்சிதைவு நோய் என்று முடிவு செய்து, மனம் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் தங்கும் அந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நோயின் பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது. ரே என்ற பெண்ணுக்குத் தீ வைக்கும் வெறி என்கிறார்கள். டெரக் என்ற பையன் ஒரு சண்டையில் ஒருவனைத் தூக்கி எறிய, விழுந்தவனுடைய முதுகெலும்பு முறிந்துபோனது. லிஸ்ஸுக்குக் கோபம் வந்தால் பொருள்கள் பறக்கின்றன. தன்னைப் பேய் ஒன்று தொடர்வதாக அவள் நம்புகிறாள்.

என்னை உலுக்கிய இடம் வேறு. தனக்கு நோய் இருப்பது உண்மையாக இருந்துவிட வேண்டும் என்று குளோயி ஏங்குகிறாள். நோய் என்றால் மருந்து உண்டு, வீடு திரும்பலாம். இறந்தவர்கள் நிஜமாகவே தன்னிடம் பேசுகிறார்கள் என்றால் அதற்கு மருந்து ஏது? ஆம்ஸ்ட்ராங் உளவியல் படித்தவர். அந்த வீட்டின் மாத்திரை நேரங்களையும் மருத்துவரின் கேள்விகளையும் அவர் எழுதியிருக்கும் விதத்தில் அந்தப் படிப்பு தெரிவதாக நான் நினைக்கிறேன்.

என் மகளுக்குப் பதினேழு வயது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். இந்தக் கதையைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு தாய்)

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. குளோயி மாத்திரைகளை விழுங்காமல் ஏமாற்றுவதும், அது சரியென்று கதை நிரூபிப்பதும் உண்மைதான். இந்த நாவலில் எனக்கு நெருடலாக இருப்பதும் அதுவே.

ஆனால் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். நீங்களும் படியுங்கள், பிறகு அவளோடு பேசுங்கள். குளோயிக்கு நோயே இல்லை. பேயை நோய் என்று சொல்லிவிட்டார்கள். நம் பக்கத்தில் காலங்காலமாக நடப்பது இதற்கு நேர்மாறு. நோயைப் பேய் என்று சொல்லி மந்திரிக்கிறோம், கட்டிப்போடுகிறோம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். பேய் பிடித்தவர்கள் என்று நம்பி அழைத்துவரப்பட்டவர்களும் அங்கே இருந்தார்கள். இதையும் மகளிடம் சொல்லுங்கள். பதினேழு வயதில் அவளுக்கு அது புரியும்.

மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவரோடு பேசித்தான். 'உன்னை யாரும் நம்பவில்லை என்று உனக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா?' என்று அவளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்தப் பேச்சுக்கு இந்த நாவல் நல்ல வாசல்.

முரடனைக் காதலிக்கும் பெண். மறுபடியும் அதே கதைதானா?
(பள்ளி ஆசிரியை)

முதல் ஐம்பது பக்கத்தில் நானும் அப்படித்தான் எண்ணினேன். டெரக் பெரிய உடல், பருக்கள் நிறைந்த முகம், வியர்வை நாற்றம், கடுகடுப்பு. அவனோடு வளர்ந்த சைமன் அழகன், இனிமையாகப் பேசுபவன். யார் நாயகன் என்று பார்த்தவுடனே முடிவு செய்துவிடுவோம்.

டெரக்கின் உடல் ஓநாயாக மாறத் தொடங்கும் இரவுகளில் அவன் வலியில் துடிக்கிறான், வாந்தி எடுக்கிறான். குளோயி பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். அவனால் மறுமொழி சொல்லக்கூட முடிவதில்லை. காதல் அங்கேதான் முளைக்கிறது. முத்தத்துக்கு மூன்றாம் பாகம் வரை காத்திருக்க வேண்டும். முரட்டுத்தனத்தை ஆசிரியர் அழகாக்கவில்லை. அவன் கத்தினால் அவள் திருப்பிக் கேட்கிறாள், அவனும் மாறுகிறான். உங்கள் மாணவிகளிடம் தயங்காமல் கொடுக்கலாம்.

பதின்மூன்று வயதுப் பையன் படிக்கலாமா?
(ஒரு தந்தை)

படிக்கலாம். பாலுறவுக் காட்சிகள் இல்லை. தரைக்கடியில் புதைந்த உடல்கள் எழுந்து வரும் அத்தியாயத்தை மட்டும் பகலில் படிக்கச் சொல்லுங்கள். இதே ஆசிரியரின் 'பிட்டன்' (2001) பெரியவர்களுக்கானது. அது இப்போது வேண்டாம்.

எனக்குத் திக்குவாய். குளோயிக்கும் அப்படி என்று தோழி சொன்னாள். கடைசியில் சக்தியால் அது சரியாகிவிடுகிறதா?
(பிளஸ் டூ மாணவி)

இல்லை மகளே, அப்படி எந்த மந்திரமும் நடக்கவில்லை. பதற்றம் வந்தால் அவளுக்கு வார்த்தை முட்டுகிறது. ஆனால் கதை முழுவதையும் சொல்பவள் அவள்தான். திரைப்பட இயக்குநராக வேண்டும் என்பது அவள் கனவு, அதனால் பயம் வந்தால் அந்த நிமிடத்தை ஒரு காட்சியாக மனத்துக்குள் அமைத்துப் பார்ப்பாள். வாயில் தடுக்கும் சொற்கள் புத்தகப் பக்கத்தில் எவ்வளவு தெளிவாக ஓடுகின்றன என்று கவனித்துப் படி. படித்து முடித்ததும், உனக்குப் பிடித்த காட்சி எது என்று எனக்கு எழுது.