கீமோவை நிறுத்திவிட்டு குர்குமின் (மஞ்சளில் உள்ள சத்து) மட்டும் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். குடல் புற்றுநோய் நான்காம் கட்டத்தில் இருக்கும் உங்கள் அப்பாவுக்குக் குர்குமின் மட்டும் போதும் என்று ஓர் இங்கிலாந்து ஆய்வு காட்டியதாகச் சொல்கிறீர்கள்; அந்த ஆய்வு அப்படிக் காட்டவே இல்லை.

2019இல் வெளியான லெஸ்டர் ஆய்வைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மொத்தம் 28 நோயாளிகள். எல்லோருக்குமே ஃபோல்ஃபாக்ஸ் (சில மருந்துகள் சேர்ந்த கூட்டு) கீமோ உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாகத் தினமும் 2 கிராம் குர்குமின். முதன்மையாகப் பார்த்தது, சேர்த்துக் கொடுத்தால் உடம்பு தாங்குமா என்பதை. தாங்கியது. ஆயுள் கூடுமா என்று முடிவு சொல்ல 28 பேர் போதாது. வாட்ஸப்பில் சுற்றி வரும்போது 'கீமோவோடு' என்ற சொல் உதிர்ந்துபோயிருக்கும், அதுதான் வழக்கம்!

சரி, இப்போது செய்ய வேண்டியது: டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன கீமோ என்று பாருங்கள். இரினோடிகான் என்ற கீமோ மருந்து இருந்தால் கூடுதல் கவனம் தேவை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைச் சேர்த்து எடுத்தவர்களின் ரத்தத்தில் அந்த மருந்தின் வீரியமான வடிவம் 42 சதவீதம் குறைந்ததை 2002இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். மூலிகைதானே என்று விட முடியாது.

அப்புறம் குர்குமின் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் பைப்பரின், அதாவது மிளகுச் சத்து, சேர்த்திருப்பார்கள். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை அது தடுக்கக்கூடும். டப்பாவை அப்படியே புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி நான் சொல்லவில்லை, அது இருக்கட்டும். ஏற்கெனவே மாத்திரை தொடங்கியிருந்து கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ, அது கல்லீரல் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம், உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.