மீன் கூடையை வண்டியில் ஏற்றிவிட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி: தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர், இருப்பது தாராவி. விடியற்காலையில் பாவ்ச்சா தக்கா மீன் துறையில் மீன் எடுத்து வந்து சயானில் ஒரு தெருமுனையில் பல வருடமாக விற்கிறேன். போன வாரம் ஆக்கிரமிப்பு அகற்றுகிற வண்டி வந்து மீன், ஐஸ் பெட்டி, தராசு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் போய்க் கேட்டால் மீன் நாறிவிட்டது, கொட்டிவிட்டோம் என்கிறார்கள். லைசென்ஸ் இல்லாத எனக்கு ஏதாவது உரிமை உண்டா?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: உண்டும்மா. 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். சரக்கை எடுத்தால் என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் எழுதி, எடுத்தவர் கையெழுத்திட்டு, ஒரு நகலை உங்கள் கையில் தர வேண்டும். அழுகக்கூடிய பொருளென்றால், நீங்கள் திரும்பக் கேட்ட அன்றே, உரிய கட்டணத்தைக் கட்டியதும் விட்டுவிட வேண்டும். ‘கேட்ட அன்றே’ என்பதைக் கவனியுங்கள். நீங்கள் மறுநாள் போனதால் மீன் விஷயத்தில் உங்கள் கட்சி கொஞ்சம் பலவீனம்தான். இனி இப்படி நடந்தால், வண்டி போன கையோடு வார்டு அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். மராத்தியில் எழுத வராவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் இல்லையே என்றால், அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு கைகொடுக்கும். கணக்கெடுப்பை முடித்து எல்லா வியாபாரிகளுக்கும் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் இடத்தைவிட்டு அகற்றக் கூடாது என்கிறது அது. சந்தைக்கு வெளியே மீன் விற்க உரிமம் வேண்டும் என்று 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தைக் காட்டுவார்கள். ஆனால் இரண்டும் மோதினால் 2014 சட்டமே மேலோங்கும் என்று அந்தச் சட்டத்திலேயே 33-ஆம் பிரிவு இருக்கிறது.

இதையெல்லாம் நம்பி இறங்குவதற்கு முன் நான் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. மும்பையில் 2014-இல் எடுத்த கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். அப்புறம், அந்தத் தெருமுனை சயான் ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம்? ஸ்டேஷனைச் சுற்றி 150 மீட்டருக்குள் வியாபாரம் கூடாது என்று 2017-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளி, மருத்துவமனை, கோயில் என்றால் 100 மீட்டர். அந்த எல்லைக்குள் உட்கார்ந்திருந்தால், வழக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் தள்ளி இடம் பிடிப்பதே மேல் என்பேன்.

ஆதாரத்துக்கு வருகிறேன். இதுவரை எத்தனை முறை அபராதம் கட்டியிருப்பீர்கள்! அந்தப் பாவ்திகளை, அதாவது ரசீதுகளை, வைத்திருக்கிறீர்களா? நம் பெண்கள் பலர் அவமானச் சீட்டு என்று கிழித்துப் போடுகிறார்கள். ஆனால் இன்ன தேதியில் இன்ன இடத்தில் நீங்கள் விற்றுக்கொண்டிருந்தீர்கள் என்று அவர்களே கையெழுத்துப் போட்டுத் தந்த காகிதம் அது. அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. பாவ்தி தராமல் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஹஃப்தா என்கிற மாமூல் எவ்வளவு கொடுத்திருந்தாலும் அதற்கு ஆதாரம் இருக்காது. தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி கடன் வாங்கியிருந்தால் அந்தக் காகிதங்களையும் ரேஷன் கார்டையும் சேர்த்து வையுங்கள். இந்த மாநிலத்தில் குடியிருப்பவர் என்று காட்டும் டொமிசைல் சான்றும் கேட்பார்கள். மகாராஷ்டிரத்தில் 15 ஆண்டு குடியிருந்ததற்கு ஆதாரம் இருந்தால் அதை இப்போதே வாங்கிவிடுங்கள்.

கொட்டிய மீனுக்கு நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் பட்டியலே தராத நிலையில், எத்தனை கிலோ வஞ்சிரம், எத்தனை கிலோ மத்தி என்று நிரூபிக்க தக்காவில் வாங்கிய சீட்டாவது வேண்டும். ஏலக்காரரிடம் கேட்டு அன்றைய கணக்கை எழுதி வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

ஐஸ் பெட்டியும் தராசும் அழுகுகிற பொருள் இல்லை. அவற்றை, எழுத்தில் கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நீங்கள் வாயால் கேட்டதோடு சரி என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை காலையில் மனுவோடு போங்கள்.