காற்று இப்படி அடிக்கும்போது முப்பந்தலில் பாதிக் காற்றாலைகள் சும்மா நிற்பது ஏன்? எல்லாம் பழுதா?

பழுது இல்லை. பழுதானதும் சில இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஜூலையில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வந்தபோது பணகுடி தாண்டிப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். சீசன் நேரத்தில் ஒரு வரிசை மொத்தமாக நின்றால், பெரும்பாலும் அது நிறுத்தச் சொல்லி நிறுத்தியது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் பல வருடமாக இருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போனால் மாமா ஒருவர் தவறாமல் கேட்பார்: "என்னடே, இந்தக் காத்துக்கும் உங்க காத்தாடி சும்மா நிக்கு? வேலையே பாக்க மாட்டீயளா?" வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

ஒரு ஆடி மாத ராத்திரியைச் சொல்கிறேன். சப்-ஸ்டேஷனில் இருக்கிறேன். ஜன்னல் கண்ணாடி நிற்காமல் தடதடக்கிறது, எல்லா ஃபீடரிலும், அதாவது ஒவ்வொரு வரிசைக் காற்றாலையின் மின்சாரத்தையும் கொண்டுவரும் லைனிலும், மீட்டர் முள் உச்சத்தில். நள்ளிரவுக்கு மேல், மாநிலம் முழுக்க மின்சாரத்தைப் பங்கிடுகிற கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வருகிறது: "லோடு இல்ல சார், ரெண்டு ஃபீடர எடுத்துருங்க." லைனைத் துண்டிக்கிற பிரேக்கர் படாரென்று திறக்கிறது, முள் பூஜ்யத்துக்கு விழுகிறது. வெளியே 250 கிலோவாட் பழைய இயந்திரங்களில் இறக்கையின் நுனி குறுக்காகத் திரும்பி, ஹோவென்ற இரைச்சலோடு வேகம் குறைகிறது. விடிகிற நேரம் 'போட்டுக்கலாம்' என்று உத்தரவு வந்தால், சில இயந்திரங்கள் தானாக எழும்பும், சில எழும்பாது. அதற்கெல்லாம் டார்ச்சோடு உடைமுள்ளுக்குள் நடந்து, ஒவ்வொரு கோபுரக் கதவையும் திறந்து, பேனலில் ஃபால்ட்டை அழித்து ஓட்டிவிட வேண்டும். கதவு இடுக்கில் பாம்பு சுருண்டு கிடந்ததும் உண்டு. அதற்குள் நல்ல காற்று வீணாகப் போயிருக்கும்.

ஏன் நிறுத்துகிறார்கள்? மின்சாரம் உற்பத்தியாகிற அதே நொடியில் யாராவது அதைச் செலவழிக்க வேண்டும். உற்பத்தி கூடினால் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து ஏறும், குறைந்தால் இறங்கும். ஆடி ராத்திரியில் மழைக் குளிரில் ஊர் தூங்குகிறது, காற்று மட்டும் தூங்குவதில்லை. அனல் மின் நிலையத்தைக் குறைக்கலாமே என்பீர்கள். குறைக்கிறார்கள்தான். ஆனால் பாதியளவுக்குக் கீழே கொண்டுபோவது கஷ்டம். முழுக்க அணைத்துவிட்டால் திரும்ப எழுப்பப் பல மணி நேரம் ஆகும், காலையில் காற்று படுத்துவிட்டால் ஊர் இருட்டாகிவிடும். கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது. மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். ஆயிரக்கணக்கான மெகாவாட் காற்றுக்கு அது எந்த மூலைக்கு?

அடுத்தது லைன். உற்பத்தி தெற்கு நுனியில், தேவை சென்னையிலும் கோவையிலும். கூடங்குளத்தின் 2,000 மெகாவாட், தூத்துக்குடி அனல் நிலையம், நாங்கள் என எல்லாரும் வடக்கேதான் அனுப்ப வேண்டும். புதுக் காற்றாலையைச் சில மாதங்களில் கட்டிவிடலாம். உயரழுத்த லைனுக்கு வருடக்கணக்கு ஆகும், ஒவ்வொரு டவர் காலுக்கும் ஒரு விவசாயியிடம் பேசியாக வேண்டும். கயத்தாறிலும் கானார்பட்டியிலும் 400 கிலோவோல்ட் சப்-ஸ்டேஷன்கள் வந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. தென் மாநில கிரிட்டே, அதாவது லைன்களெல்லாம் சேர்ந்த மின் வலையே, 2013 டிசம்பர் 31 அன்றுதான் நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. இப்போது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர்ப் பக்கத்துப் புகளூர் வரும் 800 கிலோவோல்ட் நேர்மின் லைனில் வடக்கே திருப்பி அனுப்பவும் வழி இருக்கிறது.

பழைய இயந்திரங்களிலும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அவை லைனிலிருந்து ரியாக்டிவ் பவரை இழுக்கும்; வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கிற பங்கு அது, அதை ஈடுகட்டுவது கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் கெட்டிருந்தால் அந்தப் பக்க வோல்டேஜே படுத்துவிடும். எங்கோ ஒரு ஷார்ட் சர்க்யூட்டில் வோல்டேஜ் ஒரு கணம் தொய்ந்தால் மொத்தமாக டிரிப் ஆகி நின்றுவிடும். அப்போது கிரிட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பாடு திண்டாட்டம். 2014-க்குப் பிறகு வந்தவை அந்தத் தொய்வைத் தாங்கி நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

முதலாளிக்கு வக்காலத்து என்று யாராவது கிளம்பலாம். நான் சம்பளக்காரன், ஒரு யூனிட்கூட என் பெயரில் கணக்கில் ஏறாது. கிரிட் பாதுகாப்புக்காக நிறுத்தச் சொன்னால் நானே முதலில் ஃபீடரை எடுப்பேன். காற்று மின்சாரத்துக்கு விலை அதிகம் என்பதற்காக நிறுத்துவதைத்தான் ஏற்க முடியாது. 2021-ல் சூரிய மின் நிலையங்களின் வழக்கில், கிரிட் பாதுகாப்பு தவிர்த்த காரணத்துக்காகக் குறைத்திருந்தால் நஷ்டஈடு உண்டு என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமே சொன்னது.

இதோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இறக்கை ஏற்றிவந்த டிரெய்லர்கள் எங்கள் ஊர்ச் சாலையை உடைத்துப் போட்டன. வேலை முடிந்ததும் போட்டுத் தருவோம் என்ற ஒப்பந்தக்காரர் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. பள்ளிக்கூட வேன் குளத்துக்கரை வழியாகச் சுற்றிப் போகிறது. காற்றாலை பற்றிப் பெருமையாக எழுதுகிற எவரும் இதை எழுதுவதில்லை.

சரி, அடுத்த முறை வரும்போது கவனியுங்கள். ஒரு வரிசை முழுக்க நின்று பக்கத்து வரிசை சுற்றினால் அது ஃபீடர் எடுத்தது. நடுவில் ஒன்றே ஒன்று நின்று, கீழே எங்கள் ஜீப்பும் நின்றால் அதுதான் பழுது.